பாட்டுக் குழுவோடு படுவான்கரைக்கு

1

ஜூன் மாதத்துக் கடைசி ஞாயிறு. ஆராதனை முடிந்து எல்லோரும் கோப்பி குடித்துக்கொண்டு நின்றபோது எமானுவேல் என்னிடம் வந்து, "யோகா, உன்னுடைய ஊருக்குப் போகிறோம்" என்றார்.

எமானுவேல் கொங்கோ நாட்டுக்காரர். ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறார். எங்கள் சபையில் பாட்டுக்குப் பொறுப்பு அவர்தான். கிற்றார் வாசிக்கிற லீசா பிலிப்பீனோ, நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரியில் தாதி. பேஸ் வாசிக்கிற பியோர்ன் ஓய்வுபெற்ற நோர்வேஜிய வாத்தியார். நான் கீபோர்ட். என் மகள் சரண்யா ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து அதையே மேளமாகத் தட்டுவாள். சபையில் அவளுக்குப் பெயர் சாரா. பாட்டெல்லாம் நோர்வேஜிய மொழியில்தான், ஆனால் ஒரு சரணம் மட்டும் குழுவில் யாராவது ஒருவரின் சொந்த மொழியில் வரும். என் முறை வந்தால் நாற்பது வெள்ளைக்காரர் திரையில் ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தமிழ் பாடுவார்கள். 'ழ' வருகிற இடத்தில் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

மட்டக்களப்புக்குத் தெற்கே செட்டிபாளையத்தில் உள்ள ஒரு சின்னச் சபையின் பாஸ்டர் எமானுவேலுக்கு எங்கோ ஒரு கூட்டத்தில் பழக்கமாகியிருக்கிறார். ஓகஸ்டில் மூன்று மாலைகள் வந்து பாட்டு நடத்தித் தரவேண்டும் என்று கேட்டிருக்கிறார். "அங்கே எங்களுக்கு வாய் நீதான்" என்றார் எமானுவேல்.

சரி என்றேன். மேலதிக வேலைக்கு வருவாயா என்று ஆஸ்பத்திரிச் சமையலறை மேற்பார்வையாளர் கேட்டால் சரி என்பேனே, அதே சரி. லீசா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நான் கையிலிருந்த கோப்பிக் கோப்பையை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா போனதிலிருந்து இப்படித்தான். லீசா வற்புறுத்தி என்னை டொக்டரிடம் அனுப்பினாள். எனக்கு எந்த நேரமும் குளிருகிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நோர்வேஜிய மொழியில் வினைச்சொல்லை மாற்றிப் போட்டால் "நான் உணர்ச்சியில்லாதவள்" என்று அர்த்தமாகிவிடும். பதினைந்து வருஷம் பேசியும் அதில் தவறிவிட்டேன். டொக்டர் தலையாட்டி அதை அப்படியே எழுதிக்கொண்டார். திருத்தலாமா என்று யோசித்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

2

அம்மா இறந்த கதையைச் சொல்லவேண்டும்.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்குப் போவான். வயதுபோன தாய் மகளோடுதான் இருப்பாள். அம்மாவுக்கு நான் ஒரே மகள். நான் மூன்று வயதுச் சரண்யாவைத் தூக்கிக்கொண்டு, முன்பே வந்துவிட்ட அவள் தகப்பனிடம் நோர்வேக்குப் போய்விட்டேன். என் வீடு பூட்டிக் கிடந்தது. அம்மா கொக்கட்டிச்சோலையில் அண்ணனின் மனைவி வீட்டில், மருமகள் கையால் சாப்பிட்டுக் கடைசிக் காலத்தைக் கழித்தா. மச்சாள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அதனால் எனக்கு அது இன்னும் பாரமாக இருந்தது.

மூன்றாவது குளிர்காலத்தில், சரண்யாவின் தகப்பன் எங்களைப் பிரிந்து போன பிறகு, நான் ஞானஸ்நானம் எடுத்தேன். அகதி முகாமில் இருந்தபோது எங்களுக்குக் குளிர்ச் சட்டை கொண்டுவந்து தந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நாளில் பக்கத்தில் இருந்தவர்கள் அந்தச் சபை ஆட்கள். செய்தியைச் சொன்னதும் அம்மா, "அங்க உனக்கு ஆர் இருக்காங்க மனே? சாமியாவது இருக்கட்டும்" என்றா. அண்ணன், "தாயை விட்டுட்டுப் போனாய். இப்ப சாமியையும் விட்டுட்டாய்" என்றார். அதன் பிறகு சுகம் விசாரிப்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

போன வருஷம் ஓகஸ்டில் ஒரு நாள் மச்சாள் போன் எடுத்தா. நான் ஆஸ்பத்திரி நிலவறையில் சாப்பாட்டுத் தட்டுகள் கழுவுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றேன்.

"யோகா, மாமிக்கு ஏலாமப் போச்சு. மூணு நாளாக் கண் துறக்கல்ல. காதுல போனை வைக்கிறன். ஏதாவது கதை புள்ள" என்றா.

என்ன கதைப்பது? "அம்மா" என்றேன், இரண்டு தரம். அதற்கு மேல் சொல் வரவில்லை. வாய் தன்பாட்டில் பாட ஆரம்பித்தது. வந்தது சபைப் பாட்டு. பத்துப் பன்னிரண்டு வருஷமாக என் வாயில் கிடந்தது அதுதானே. இரண்டு வரி பாடியிருப்பேன். அந்தப் பக்கத்தில் ஏதோ அமளி, யாரோ சத்தமாகக் கதைத்தார்கள். பிறகு போன் துண்டிக்கப்பட்டது.

திரும்பத் திரும்ப எடுத்தேன். ஒருவரும் எடுக்கவில்லை. அரை மணித்தியாலம் கழித்து அண்ணனின் மகள் எழுதியனுப்பினாள்: அப்பம்மா மோசம் போயிட்டா.

போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு மிச்சத் தட்டுகளைக் கழுவினேன். நான்கு மணிக்கு வேலை முடியும். நான்கு மணிக்குத்தான் வீட்டுக்குப் போனேன். அன்றைக்கும் அழவில்லை, பிறகும் அழவில்லை.

அண்ணன்தான் போனை வெட்டினார் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அம்மாவின் காதில் கடைசியாக வேறு சாமியின் பெயர் விழுவதை அவர் பொறுக்கவில்லை என்று நினைத்தேன். அதன் பிறகு நான் எடுத்த போன் ஒன்றையும் அவர் எடுக்கவில்லை.

3

செத்தவீட்டுக்கு ஏன் போகவில்லை என்று ஊரில் பலர் கேட்டார்களாம். அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கிற பயணப் புத்தகம். இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும் என்று அதில் அச்சிட்டிருக்கும். உலகத்தில் எனக்குத் தாய் இருந்த ஒரே நாட்டைத் தவிர எங்கும் போகலாம். குடியுரிமைக்கு விண்ணப்பித்து வருஷக்கணக்காகியிருந்தது. என் பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பில் யோகேஸ்வரிக்கு ஓர் எழுத்துக்கூட்டல், கலியாணச் சான்றிதழில் இன்னொன்று, அடையாள அட்டையில் மூன்றாவது. இந்த மூவரும் ஒருத்திதான் என்று நிரூபிக்கச் சொல்லிக் கடிதம் வரும். நான் பதில் எழுதுவேன். ஆறு மாதம் கழித்து அதே கேள்வியோடு அடுத்த கடிதம் வரும்.

அம்மா இறந்து எட்டாம் மாதம் பாஸ்போர்ட் தபாலில் வந்தது. சரண்யா அதை எடுத்து மணந்து பார்த்தாள். நான் கரண்டி வைக்கிற லாச்சிக்குள் வைத்தேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வெளிநாட்டுக்காரர் வரிசையில் நின்றோம். எனக்கு முப்பது நாள் தங்க அனுமதி போட்டார்கள். "முதல் தரமா வாறீங்க?" என்று அதிகாரி தமிழில் கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். சரண்யா திரும்பிப் பார்த்தாள். அவள் என்னைத் திருத்தவில்லை.

4

செட்டிபாளையத்துச் சபை தகரக் கூரை போட்ட ஒரு நீள மண்டபம். ஒரு பக்கம் நடந்தால் கடல், மறு பக்கம் நடந்தால் வாவி. பிளாஸ்டிக் கதிரைகள் போதாமல் முன்னால் பாய் விரித்திருந்தார்கள். பாஸ்டரின் மனைவி எங்களுக்கு இடியப்பமும் சொதியும் தந்தா. பியோர்ன் முள்ளுக்கரண்டி கேட்கக் கூச்சப்பட்டு, கையால் சாப்பிட்டுச் சட்டையெல்லாம் சொதியாக்கிக்கொண்டார். எமானுவேலுக்குக் கையால் சாப்பிடுவது புதிதில்லை. அவர் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டதில் பாஸ்டரின் மனைவிக்குப் பெரிய சந்தோஷம்.

முதல் நாள் மாலை மண்டபம் நிறைந்துவிட்டது. சபை ஆட்களோடு, வெள்ளைக்காரரைப் பார்க்கவென்று திருநீறு பூசிய அக்கம்பக்கத்துப் பெண்களும் பிள்ளைகளோடு வந்து வாசலில் நின்றார்கள். எமானுவேல் மைக்கைப் பிடித்து நோர்வேஜிய மொழியில் உற்சாகமாக, "இன்றைக்கு இந்தக் கூரை பறக்கும்வரை பாடுவோம்!" என்றார். நான் அப்படியே தமிழில் சொன்னேன். ஒருவரும் கைதட்டவில்லை. எல்லோரும் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்கள். சூறாவளியில் உண்மையாகவே கூரை பறந்துபோன ஊர். "வேணாம் மகள், போன வருஷந்தான் போட்டது" என்று பாயிலிருந்த ஒரு அம்மா சொன்னா. மண்டபம் சிரித்தது. எமானுவேலுக்கு விளக்கினேன். அவர் நெஞ்சில் கையை வைத்துக் கூரையிடம் மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு கூட்டம் எங்கள் பக்கம்.

பாட்டு நன்றாகத்தான் போனது. லீசா கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள். சரண்யாவின் பெட்டியைச் சுற்றிப் பிள்ளைகள் குந்திவிட்டார்கள். நான் பாடினேன், சரணத்துக்குச் சரணம் மொழிபெயர்த்தேன். முன்வரிசையில் இரண்டு பெண்கள் அழுதார்கள். முடிந்ததும் ஒருத்தி வந்து என் கையைப் பிடித்து, "உங்கட குரலுக்குள்ள அழுகை இருக்கு மகள்" என்றா. நன்றி சொன்னேன். பாடிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் நான் நினைத்தது, கீபோர்டின் வயரை யாராவது தடக்கி விழப்போகிறார்களே என்பதை மட்டும்தான்.

5

இரண்டாம் நாள் காலை சரண்யா கேட்டாள். எங்களுக்குள் அவள் நோர்வேஜிய மொழியில் கேட்பாள், நான் தமிழில் பதில் சொல்வேன்.

"மாமா வீடு எவ்வளவு தூரம்?"

"பாலத்தைக் கடந்து போகவேணும். முக்கால் மணித்தியாலம்."

"எப்போது போகிறோம்?"

"இவங்களை விட்டுட்டு எப்பிடிப் போறது?"

அவள் எழும்பி வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் அவள் போனில் தமிழ் பேசுகிற சத்தம் கேட்டது. "மாமா, நான் சரண்யா. நாங்கள் வருகிறது. நாளைக்கு. ஐந்து ஆள். சோறு வேணும்." அவ்வளவுதான். உள்ளே வந்து, "வரச் சொன்னார்" என்றாள்.

"வேற என்ன சொன்னார்?"

"ஐந்து பேருக்கும் உறைப்பு ஏலுமா என்று கேட்டார்."

மூன்றாம் நாள் பாஸ்டரின் வானில் எல்லோரும் போனோம். வாவிக்குக் கிழக்கே உள்ள கரையை எழுவான்கரை என்போம், மேற்கே உள்ளதைப் படுவான்கரை என்போம். நான் இருந்த காலத்தில் மண்முனைத் துறையில் மிதவையில்தான் கடக்கவேண்டும். இப்போது பாலம். இரண்டு நிமிடத்தில் தாண்டிவிட்டோம். நடுப்பாலத்தில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டுமா என்று டிரைவர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

சிறுபோக நெல் வெட்டு நடந்துகொண்டிருந்தது. அண்ணன் வயல் வட்டையிலிருந்து அப்போதுதான் வந்திருக்கவேண்டும். உடம்பெல்லாம் வைக்கோல் தூசி. நரைத்திருந்தார். கேற்றடியில் நின்று எமானுவேலைப் பார்த்து, பியோர்னைப் பார்த்து, "வாங்க, வாங்க. உள்ளுக்கு வந்து இரிங்க" என்றார். சரண்யாவின் தலையைத் தடவினார். கடைசியாக என்னிடம், "வந்திட்டியா" என்றார்.

"ஓம் அண்ணன்."

அவ்வளவுதான் பேச்சு. மச்சாள்தான் என்னை அணைத்துக்கொண்டு அழுதா.

சுவரில் அம்மாவின் படம் மாலையோடு இருந்தது. இளநீர் குடித்து முடித்ததும் எமானுவேல் அதற்கு முன்னால் போய் நின்றார். பிறகு என்னிடம் திரும்பி, "எங்கள் ஊரில் துக்க வீட்டுக்குப் போனால் ஒரு பாட்டாவது பாடாமல் வரமாட்டோம். உன் அண்ணனிடம் கேள். உன் தாய்க்கு நாங்கள் பாடலாமா?" என்றார்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "என்னவாம்?"

"இன்னும் கொஞ்சம் தண்ணி கேக்கிறார்" என்றேன்.

மச்சாள் எழும்பினா. சரண்யா, "இல்ல மாமா" என்றாள். "அம்மா பொய். அவர் பாடக் கேக்கிறார். அம்மம்மாக்கு."

லீசா தரையைப் பார்த்தாள். அண்ணன் தோளிலிருந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைக்கக் கனநேரம் எடுத்தார்.

"பாடட்டும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ பாடாத யோகா" என்றார்.

6

நான் பின்பக்கம் கிணற்றடிக்குப் போய்விட்டேன். கோபம் வரவில்லை. எதிர்பார்த்ததுதான் என்று தோன்றியது. உள்ளே எமானுவேல் தாழ்ந்த குரலில் பாடத் தொடங்கினார். கிற்றாரும் இல்லை, பெட்டியும் இல்லை.

கொஞ்சத்தில் அண்ணன் வந்தார். வாளியில் தண்ணீர் அள்ளிக் கையைக் கழுவிக்கொண்டே பேசினார்.

"அண்டைக்குப் போனை வெட்டினது நான்தான்."

"தெரியும்."

"என்ன தெரியும் உனக்கு?"

"நான் வேதப் பாட்டுப் பாடினது உங்களுக்குப் புடிக்கல்ல."

அவர் வாளியைக் கீழே வைத்தார். "பாட்டா? என்ன பாட்டெண்டே எனக்குத் தெரியாது புள்ள. உன்ட குரல் கேட்டதும் அம்மா கண்ணைத் துறந்திட்டா. மூணு நாளாத் துறக்காத கண். அதுக்குப் பிறகு கையை ஊண்டி எழும்பப் பாத்தா. 'புள்ள கேற்றடியில நிக்கிறாள், துறந்து விடுங்க' எண்டா. உன்ட மச்சாள் புடிக்கிறாள், நான் புடிக்கிறன், அடங்கிறா இல்ல. மூச்சு இழுக்குது. நீ அங்கால பாடிக்கொண்டே இருக்காய். நான் என்ன செய்யுற? வெட்டிப்போட்டன்."

"பிறகு?"

"பிறகு போய்க் கேற்றைத் துறந்து விட்டன். அதைப் பாத்துக்கொண்டே கிடந்தா."

கிணற்றுக் கட்டில் எறும்பு வரிசை ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"எப்பிடிச் சொல்லுற? நீ வர ஏலாத இடத்தில இருக்காய். அம்மா உன்னத் தேடித் தேடிப் போனா எண்டு போனில சொன்னா, நீ அங்க தனிய நிண்டு என்ன செய்வாய்? அதுதான் நீ எடுக்கக்குள்ள எல்லாம் எடுக்காம விட்டன். எடுத்தா வாயில வந்திரும்." துவாயைத் தோளில் போட்டார். "இப்பயும் அந்தக் குரலை இந்த வீட்டுக்குள்ள கேக்க எனக்கு ஏலாது. அதுதான் பாடாத எண்டனான்."

ஒரு வருஷமாக நான் அவரைப் பற்றி மனதுக்குள் பேசிய பேச்சையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தெரிந்தது. கேட்கிற உணர்ச்சி வரவில்லை. வேறொன்றுதான் கேட்டேன்.

"அண்ணன், நான் பாடினது அம்மாக்கு விளங்கிச்சா?"

"பாட்டு விளங்கினதோ தெரியா. நீ எண்டு விளங்கிச்சு."

உள்ளே பாட்டு முடிந்து இன்னொன்று ஆரம்பமானது. "அது என்ன பாசை?" என்று கேட்டார். கொங்கோவில் ஒரு பாசை என்றேன். "நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு, "வெள்ளிக்கிழமை அம்மாட ஆட்டைத் திவசம், ஒரு வருஷம் முடியுது. நிப்பியா?" என்றார்.

எங்கள் விமானம் வியாழக்கிழமை. திங்கள் காலை ஏழு மணிக்கு நான் வேலையில் நிற்கவேண்டும். ஒரு மணித்தியாலம் பிந்துவதென்றாலும் அனுமதி கேட்டுப் பழகியவள் நான்.

"நிக்கிறன்" என்றேன்.

7

அன்று மாலை செட்டிபாளையத்தில் கடைசிக் கூட்டம். இரண்டாவது பாட்டில் எனக்குச் சரணம் மறந்துபோனது. நூறு தரம் பாடிய பாட்டு. லீசா என் பக்கம் பார்க்காமலே குரலை எடுத்துக்கொண்டாள், எமானுவேல் சேர்ந்துகொண்டார். நான் பாடாமல், விரல்களால் மட்டும் கடைசிவரை வாசித்தேன்.

திவசத்துக்கு நிற்கப்போகிறேன் என்று சொன்னபோது பாஸ்டர் கொஞ்சம் தயங்கினார். "படையலுக்கு இருக்கப் போறீங்களோ சிஸ்டர்?" என்றார். என்ன கேட்கிறார் என்று எமானுவேல் கேட்டார். இந்தத் தரம் சரியாக மொழிபெயர்த்தேன். அவர் பாஸ்டரின் தோளில் கையை வைத்து, "எங்கள் ஊரிலும் ஒரு வருஷம் முடிந்தால் எல்லோரும் கூடித் துக்கத்தை இறக்கிவைப்போம். செத்தவர் எந்தச் சாமியைக் கும்பிட்டார் என்று அன்றைக்கு யாரும் கேட்பதில்லை. அவள் மகள், இருக்கட்டும்" என்றார். பாஸ்டர் வாசலில் நின்ற வானைப் பார்த்தார். பிறகு, "நான் வானை அனுப்புறன்" என்றார்.

வியாழக்கிழமை அவர்கள் மூவரும் போனார்கள். சரண்யா என்னோடு நின்றாள். வேலையிடத்துக்கு நான்கு வரியில் கடிதம் எழுதினேன். அதில் பிழை இருந்திருக்கும், திருப்பிப் படிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை குருக்கள் வந்து அண்ணனை இருத்திச் செய்யவேண்டியதைச் செய்தார். நான் மச்சாளோடு குசினியில் மரக்கறி வெட்டினேன். சரண்யா வாழையிலைகளைக் கழுவினாள். எந்தப் பக்கத்தைத் தலைப்பக்கமாகப் போடுவது என்று அண்ணனின் மகள் அவளுக்குக் காட்டிக் கொடுத்தாள். சொந்தக்காரர் வந்து சாப்பிட்டார்கள். "எப்ப வந்தது? எப்ப போறது?" என்று எல்லோரும் அதே இரண்டு கேள்வியைக் கேட்டார்கள். யாரும் என்னைக் குறைசொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பின்னேரம் ஆட்கள் கலைந்தார்கள். அம்மா கிடந்த அறையில் கட்டிலை எடுத்துவிட்டு நெல் மூட்டை அடுக்கியிருந்தது. அந்த மூட்டையில் சாய்ந்துகொண்டு நிலத்தில் உட்கார்ந்தேன். யன்னலால் பார்த்தால் கேற் தெரிந்தது. அண்ணன் வந்து எனக்கு எதிரே குந்தினார்.

"பாடன்" என்றார்.

"உங்களுக்கு ஏலாது எண்டீங்க."

"இப்ப பாடு."

வாயைத் திறந்தேன். முதல் வரி சரியாக வந்தது. இரண்டாம் வரியில் குரல் எங்கோ இறங்கிப்போனது, திரும்ப ஏறவில்லை. என்ன நடக்கிறதென்று எனக்கு முதலில் விளங்கவில்லை. வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது, என்னுடையதுபோல இல்லை. மச்சாள் குசினியிலிருந்து ஓடிவந்து வாசலில் நின்றா. சரண்யா வந்து நிலத்தில் இருந்து என் மடியில் தலையை வைத்தாள். சின்னப் பிள்ளையில்தான் அப்படி வைப்பாள்.

அண்ணன் அழு என்றும் சொல்லவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை. இருட்டுப்படும்வரை எதிரே குந்தியபடி இருந்தார்.